மதுரை டூ டெல்லி 3 மணி நேரம்தான்.. ஆனா சிவகாசி பட்டாசு மட்டும் பறக்க முடியாது, ஏன் தெரியுமா?

சிவகாசிக்குப் பக்கத்துல இருக்கிற விமான நிலையம் மதுரைதான். விருதுநகர் வழியாக சுமார் 70 கி.மீ. அங்கிருந்து டெல்லிக்கு வான்வழி தூரம் ஏறத்தாழ 2,080 கி.மீ. ஜெட் விமானம் நடுவானில் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கும். அப்போ இரண்டரை மணி நேரம்தானே? இல்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறையும். அதனால் நேரடியாகப் பறந்தாலே சுமார் 3 மணி நேரம் ஆகும்.

ஆனா ஊர்ல வாங்குன பட்டாசு உங்களோட வராது. அது வெடிபொருள் பட்டியலில் இருப்பதால் கைப்பை, செக்-இன் பை இரண்டிலுமே தடை. கம்பி மத்தாப்புக்கும் இதே விதிதான். சரக்கு அறையில் தீப்பிடித்தால், நடுவானில் யாரும் இறங்கி ஓட முடியாதே! ரயிலிலும் பட்டாசு கொண்டு போகக் கூடாது. அதனாலதான் வடமாநிலங்களுக்கு லாரியில் நாள்கணக்கில் போகுது. தீபாவளிக்குக் கிளம்புறீங்களா? பையை ஒருமுறை செக் பண்ணிடுங்க.