சக்கர நாற்காலியும் பஞ்சாயத்தின் கடமையும்

விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையில் உள்ளது ஆமத்தூர். கரிசல் நிலமும் பட்டாசுத் தொழிலும் சூழ்ந்த பகுதி இது. பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர், விபத்தில் காலிழந்தவர், பக்கவாதத்தால் நடக்க இயலாதவர் ஆகியோர் எந்தக் கிராமத்திலும் இருக்கக்கூடும். அன்னாருக்குச் சக்கர நாற்காலி ஒன்றை வழங்கியதும் கடமை தீர்ந்தது என எண்ணுதல் தவறாகும்.

அளவு பொருந்தாத நாற்காலி நன்மைக்குப் பதில் தீமையே விளைவிக்கும். உணர்ச்சியற்ற உடலில் எலும்பு அழுந்துமிடத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு அழுத்தப்புண் உண்டாகிறது. அது முற்றினால் உயிருக்கே ஆபத்து. ஆதலின், உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள் இதனை எட்டுப் படிகள் கொண்ட சேவையாக வகுத்தன. தேவையுள்ளவரைக் கண்டு அனுப்புதல், உடல்நிலையை ஆராய்தல், தக்க நாற்காலியைக் குறித்தல், பணவசதி செய்து தருவித்தல், பூட்டி ஆயத்தம் செய்தல், அமர்த்திப் பொருத்துதல், பழக்குதல், தொடர்ந்து கவனித்துப் பழுது நீக்குதல் ஆகியனவே அவை.

இருக்கையின் அகலம் இடுப்பின் அகலத்திற்கு ஒத்திருத்தல் வேண்டும். முழங்காலின் பின்புறத்திற்கும் இருக்கை விளிம்புக்கும் இடையே இரண்டு விரற்கடை இடம் வேண்டும். அழுத்தத்தைத் தணிக்கும் மெத்தை அவசியம். சிறிய முன்சக்கரம் கரிசல் மண்ணில் புதையுமாதலால், பெரிய, அகன்ற சக்கரமே நம் பாதைகளுக்கு ஏற்றது.

பொருத்தமான உதவி கிடைப்பின் மனிதர் என்ன சாதிக்கலாம் என்பதற்கு வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் சான்றாவார். 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாகவும் காரணமாயிருந்தார்.

உதவி உபகரணங்கள் வழங்க மத்திய அரசு 1981-ல் ஒரு திட்டம் தொடங்கியது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வாயிலாகவும் விண்ணப்பிக்கலாம். எனினும், தேவையுள்ளவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்பதை ஊராரே நன்கறிவர். ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்ய வேண்டுவன மூன்று:

1. வீடுதோறும் விசாரித்துப் பட்டியல் தயாரித்து, ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அளித்தல். அளவெடுத்துப் பொருத்தித் தருமாறு கேட்டல்.

2. பஞ்சாயத்து அலுவலகம், ரேஷன் கடை, பள்ளி ஆகியவற்றில் ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளமாகச் சாய்தளம் அமைத்தல்.

3. பஞ்சர் ஒட்டுதல், கம்பி முறுக்குதல் போன்ற சிறு பழுதுகளுக்கு உள்ளூர் சைக்கிள் கடைக்காரரை ஏற்பாடு செய்தல்.

வீட்டு மூலையில் துணி காயும் நாற்காலியால் எவருக்கும் பயனில்லை. அதில் அமர்ந்து ஒருவர் கிராமசபைக்கு வந்து தம் கருத்தைக் கூறும் நாளே, கொடுத்த பொருள் பயன்பட்ட நாளாகும்.