தண்டுவடக் காயமும் திருச்சபையின் நலமாக்கும் பணியும்

திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்துவந்த நிகழ்ச்சியை (மாற்கு 2:1–12) நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். அவன் எழுந்து, படுக்கையை எடுத்துக்கொண்டு நடந்து சென்றான் என்னுமிடத்தில் நம் பிரசங்கம் உச்சநிலையை அடைகிறது. ஆனால் அதைக் கேட்போருள், தண்டுவடம் சிதைந்து இனி நடக்க இயலாதென்று மருத்துவர் கூறிவிட்ட ஒருவர் இருப்பாராயின், அவருக்கு அதில் நற்செய்தி யாது? இவ்வினாவுக்கு விடை காணுமுன், இக்காயமுற்றோர் வாழ்வதும் மாள்வதும் எவற்றைப் பொறுத்தவை என்பதை ஆயர்கள் தெளிவாக அறிதல் வேண்டும்.

1. காயத்தின் இயல்பு

மூளையிலிருந்து முதுகெலும்பின் உள்ளே இறங்கிச் செல்லும் நரம்புத் தொகுதியே தண்டுவடம். மூளையின் கட்டளைகள் உறுப்புகளுக்குச் செல்வதும், உறுப்புகளின் உணர்வு மூளைக்கு ஏறுவதும் இதன் வழியாகவே. கழுத்துப் பகுதியில் இது சிதைந்தால் கைகளும் கால்களும் செயலிழக்கும். அதற்குக் கீழே சிதைந்தால் கால்கள் செயலிழக்கும். சிலருக்குச் சிதைவு முழுமையற்றதாயிருக்கும். அவர்களுள் பலர் ஓரளவு ஆற்றலைத் திரும்பப் பெறுவர். முற்றிலும் சிதைந்த தண்டுவடத்தை மீண்டும் இணைத்துச் செயற்பட வைக்கும் உறுதியான சிகிச்சை இன்றுவரை இல்லை.

நடக்க இயலாமையே இக்காயத்தின் முழுத் துன்பம் என்று நாம் எண்ணுவது தவறு. உடலின் கீழ்ப்பகுதியில் உணர்வு அற்றுப்போகிறது. சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டை மீறுகின்றன. நோயாளியின் உயிருக்கு உலை வைப்பவை பெரும்பாலும் இவையே. உலகெங்கும் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டோர் இக்காயத்துடன் வாழ்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. சாலை விபத்துகளும், மரம், கட்டிடம் முதலிய உயரங்களிலிருந்து விழுவதும் நம் நாட்டில் இதற்கு முதன்மையான காரணங்கள்.

2. கைவிடப்பட்ட நிலையிலிருந்து வாழ்வுக்கு

ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்திய மருத்துவச் சுவடி ஒன்று, கழுத்தெலும்பு முறிந்து கைகால்கள் உணர்விழந்த நிலையைச் சிகிச்சைக்கு அப்பாற்பட்ட நோயெனக் குறிக்கிறது. முதல் உலகப் போரில் இவ்வாறு காயமுற்ற வீரருள் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ மாண்டனர். அவர்களைக் கொன்றது தண்டுவடச் சிதைவு அன்று. படுக்கைப் புண்ணும் சிறுநீர்ப்பாதையில் தொற்றிய கிருமிகளுமே.

இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் லுட்விக் குட்மன். யூதரான இவர் நாசி ஜெர்மனியை விட்டு 1939இல் இங்கிலாந்துக்கு வந்தவர். 1944இல் ஸ்டோக் மாண்டவில் என்னும் ஊரின் மருத்துவமனையில் தண்டுவடக் காயமுற்றோருக்கான பிரிவை ஏற்றார். இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவிலுங்கூட, ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்கவைக்கச் செய்தார். சிறுநீர் வெளியேற்றத்தைக் கவனமாகக் கண்காணித்தார். பின்பு அவர்களுக்குத் தொழிலும் விளையாட்டும் கற்பித்தார். 1948இல் பதினாறு பேருடன் அவர் நடத்திய வில்வித்தைப் போட்டியே பிற்காலத்துப் பாராலிம்பிக் போட்டிகளுக்கு வித்தாயிற்று.

1972இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாப்பிடிஸும் உடன் பணியாற்றியோரும் மற்றோர் எளிய வழியை எடுத்துரைத்தனர். சில மணி நேரத்துக்கு ஒருமுறை, சோப்பிட்டுக் கழுவிய கையால் நோயாளி தாமே சிறு குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றலாம் என்பதே அது. இம்முறை பரவியதால் எண்ணற்றோரின் சிறுநீரகங்கள் காக்கப்பட்டன.

ஆக, புரட்டிப் படுக்கவைத்தலும், கை கழுவுதலும், சிறு குழாயும் சாவைத் தள்ளி நிறுத்தின. தண்டுவடம் குணமாகவில்லை, ஆனால் மனிதர் வாழ்ந்தனர்.

3. வேலூரும் ஆய்க்குடியும்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் சிதைந்து கால்களை இழந்தவர்போலானார். டாக்டர் பால் பிராண்டின் தூண்டுதலால், உட்கார்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளில் அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். பின்பு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையின் முதல் தலைவரானார். 1966இல் அங்கு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. 1986இல் அவர் மறைந்தார். அவர் மீண்டும் நடக்கவில்லை. ஆயினும் அவரால் நலம் பெற்றோர் பலர்.

தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். இவர் நம் சபையைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் நலமாக்கும் பணி எத்தகையது என்பதைத் திருச்சபை அவரிடமும் கற்றுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறது.

4. ஓர் அறிக்கை

குருப்பட்டம் பெற்ற தொடக்க ஆண்டுகளில் என் சேகரத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் தென்னை மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழ் உணர்வற்றுக் கிடந்தார். வாரந்தோறும் அவர் வீட்டுக்குச் சென்று, அவர் எழுந்து நடக்க வேண்டுமென்று ஜெபித்தேன். அந்த அறையில் ஒரு துர்நாற்றம் இருந்தது. அதைப் பற்றிக் கேட்பது அவருக்கு அவமானமாயிருக்கும் என்றெண்ணிக் கேளாதிருந்தேன். அது படுக்கைப் புண்ணின் நாற்றம். ஏழாம் மாதம் அப்புண்ணின் நஞ்சு இரத்தத்தில் கலந்து அவர் மாண்டார். அடக்க ஆராதனையில், கர்த்தர் அழைத்துக்கொண்டார் என்றேன். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிவிடச் சபையில் ஆள் ஏற்படுத்தியிருந்தால் அவர் இன்றும் உயிரோடிருந்திருக்கக்கூடும் என்பதைப் பின்புதான் அறிந்தேன். நான் ஜெபித்தது தவறன்று. ஜெபித்துவிட்டு மூக்கை மூடிக்கொண்டதே தவறு.

5. திருமறை காட்டும் நலம்

மாற்கு கூறும் நிகழ்ச்சியை மீண்டும் நோக்குவோம். திமிர்வாதக்காரன் இயேசுவை அணுக முடியாதபடி தடுத்தது அவன் கால்கள் மட்டுமல்ல. வாசலை அடைத்து நின்ற கூட்டமும்தான். கூட்டம் விலகாததால் நால்வர் கூரையைப் பிரித்தனர். அவன் நடப்பதற்கு முன்பே ஒரு கட்டிடம் அவனுக்காக மாற்றப்பட்டது. இயேசு முதலில் அவனை மகனென்று அழைத்து மன்னிப்பை அருளினார். நடத்தல் பின்னரே வந்தது. நடவாத நிலையிலேயே அவன் மகன். இதைக்கொண்டு, பாவத்தாலேயே அவன் முடமானான் என்று கூறுவதற்கு இடமில்லை. யோவான் 9:1–3இல் ஆண்டவர் அத்தகைய எண்ணத்தை மறுக்கிறார்.

பவுலின் முள் அகற்றப்படவில்லை, கிருபை அருளப்பட்டது (2 கொரி. 12:7–9). உயிர்த்தெழுந்த ஆண்டவரின் உடலில் காயங்கள் மறையவில்லை (யோவான் 20:27). ஆகவே தழும்புடைய உடல் முழுமையற்ற உடல் என்னும் எண்ணத்துக்கு உயிர்ப்பின் இறையியலில் இடமில்லை. சக்கர நாற்காலியில் வாழ்பவர் பெறுவது இரண்டாந்தர நலமன்று.

அப்படியானால், நடக்க வேண்டுமென ஜெபிக்கலாகாதா? ஜெபிக்கலாம், புலம்பவும் செய்யலாம். ஆனால் நம் ஜெபத்தை மருத்துவ வாக்குறுதியாக்கவோ, நடவாதவரின் விசுவாசத்தைக் குறை கூறவோ நமக்கு உரிமையில்லை.

6. ஆயர் செய்யக்கூடியவை

முதலாவது, விபத்துற்றவரைத் தூக்கும்போது கழுத்தும் முதுகும் வளையாமல், பலகையில் நேராகக் கிடத்தி எடுத்துச் செல்லச் சபையாருக்குக் கற்பிக்க வேண்டும்.

இரண்டாவது, வீட்டு விசாரிப்பில் தோலைப் பற்றியும் சிறுநீரைப் பற்றியும் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். மார்பின் மேற்பகுதியிலோ கழுத்திலோ காயமுற்றவருக்குத் திடீரெனக் கடுந்தலைவலியும் முகவியர்வையும் உண்டானால், இரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறியிருக்கலாம். சிறுநீர்க் குழாய் அடைபடுவதே பெரும்பாலும் காரணம். அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, அடைப்பை நீக்கி, உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

மூன்றாவது, மனச்சோர்வைக் கவனிக்க வேண்டும். இக்காயமுற்றோருள் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் கடும் மனச்சோர்வின் அறிகுறிகளைக் காட்டுகின்றனர் எனவும், உலகளவில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் வேலையற்றோர் எனவும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் மதிப்பிட்டது. இவை தொடர்பற்ற இரு செய்திகளல்ல. ஒரு தையல் இயந்திரமோ சிறு கடையோ அமைத்துக் கொடுப்பதும் ஆன்மப் பராமரிப்பே. இரவும் பகலும் பணிவிடை செய்யும் தாய்க்கும் மனைவிக்கும் ஓய்வளிக்க முறைவைத்து ஆள் அனுப்புவதும் அவ்வாறே.

நான்காவது, நம் ஆலயத்தின் படிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆலயத்தினுள் வர இயலாதவருக்கு வீட்டில் திருவிருந்து அளிப்பது நன்று. ஆனால் சரிவுப் பாதை ஒன்று அமைத்து, அவர் சபையாரோடு சேர்ந்து பந்தியில் பங்குபெறச் செய்வது அதனினும் நன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய அணுகுவழியை உரிமையாகவே பேசுகிறது. சட்டம் கூறிய பிறகும் திருச்சபை தயங்குமாயின், வாசலை அடைத்து நின்ற கூட்டம் நாமே ஆவோம்.

திமிர்வாதக்காரன் நடந்தானா என்று மட்டும் கேட்கும் பிரசங்கம் பாதிப் பிரசங்கம். அவனைச் சுமக்க நால்வர் நம் சபையில் உளரா, கூரையைப் பிரிக்க நாம் ஒப்புவோமா என்று கேட்கும்போதே அது நிறைவு பெறும்.