கிட்டாரில் ஒலித்த கங்கை



சென்ற ஆண்டு எங்கள் பாடசாலையின் கலைவிழாவுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்த வேளையில், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கையில் கிட்டாருடன் என்னிடம் வந்தான். கொழுந்து கொய்யும்போது தன் பாட்டி பாடிய பாட்டொன்றை அதில் வாசிக்க விரும்புவதாகச் சொன்னான். ஆனால் அவனுக்கு இரண்டு தடைகள் இருந்தன. “கிட்டார் நம்முடைய வாத்தியம் அல்ல என்று சிலர் சொல்கிறார்கள், சேர். தோட்டத்துப் பாட்டு மேடைக்கு ஆகாது என்று பாட்டியே சொல்கிறார்” என்றான். நான் அனுமதி கொடுத்தேன். காரணம் சொல்ல அன்று நேரமில்லை. அவ்விரு தடைகளுக்கும் ஒருசேர விடையாக அமைந்த ஓர் இசைக்கலைஞரின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன். அவர் பெயர் அமான்சியோ டி’சில்வா. அவருடைய முதல் இசைத்தட்டு 1969ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்தது.

அவர் வாசித்த இசையின் பிறப்பை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களிடையே புளூஸ் என்னும் பாட்டுமுறை தோன்றியது. அடிமை முறை 1865இல் சட்டப்படி ஒழிந்த பின்னரும் அவர்களுடைய கடனும் வறுமையும் ஒழியவில்லை. அந்தத் துயரையும், துயரின் நடுவே பிறக்கும் கேலியையும் அவர்கள் பாடினார்கள். ஓர் அடியைப் பாடுவார்கள். அதையே மீண்டும் ஒரு முறை பாடுவார்கள். மூன்றாவது அடியில் அதற்கு முடிவு சொல்வார்கள். ஒவ்வோர் அடியின் இறுதியிலும் பாடுவோர் மூச்சுவிடும் இடைவெளியில் கிட்டார் மறுமொழி கூறும்.

இதன் கணக்கை நீங்கள் வீட்டிலிருந்தே கைதட்டிப் பார்க்கலாம். வழக்கமான புளூஸ் பாட்டுக்குப் பன்னிரண்டு பகுதிகள் உண்டு. பகுதிக்கு நான்கு எண்ணிக்கையாக மொத்தம் 48. நம் ஆதி தாளத்தின் ஆவர்த்தனம் எட்டு எண்ணிக்கை கொண்டது. ஆகவே ஆறு ஆவர்த்தனங்களில் ஒரு புளூஸ் சுற்று நிறைவுறும். சுரத்திலும் ஒரு நுட்பம் உண்டு. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஒலியைப் புளூஸ் பாடகர்கள் நாடுவார்கள். பியானோவின் கட்டைகளில் அந்த ஒலி கிடையாது. கிட்டாரிலோ தந்தியை விரலால் வளைத்து அதை எட்டலாம். வீணை வித்துவான் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதை இவ்விடத்து நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் புளூசும், வேறு பல இசைமுறைகளும் நியூ ஓர்லியன்ஸ் போன்ற நகரங்களில் கலந்து ஜாஸ் பிறந்தது. ஜாசின் உயிர்நாடி கற்பனை வாசிப்பு. குழுவினர் முதலில் ஒரு மெட்டை வாசித்து நிறுவுவர்; பின்னர் ஒவ்வொருவரும் முறைவைத்து அதன்மேல் தம் கற்பனையை விரித்து, ஈற்றில் அதே மெட்டுக்குத் திரும்புவர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசிமகத் திருவிழாவில் நாதஸ்வர வித்துவான் ஒரு பல்லவியை எடுத்து விரிப்பதைக் கேட்டவர்களுக்கு இது புரியாத செய்தியன்று.

தொடக்ககால ஜாசில் கிட்டார் பெரும்பாலும் தாளத் துணையாகவே இருந்தது. டிரம்பெட்டும் சாக்சபோனும் முழங்கும்போது அதன் மெல்லொலி எடுபடவில்லை. மின்னாற்றலால் ஒலியைப் பெருக்கும் கிட்டாருடன் சார்லி கிறிஸ்டியன் 1939இல் பென்னி குட்மனின் குழுவிற் சேர்ந்த பின்னர் நிலைமை மாறியது. அவர் 1942இல் 25ஆவது வயதிலேயே காலமானார். ஆயினும் அக்குறுகிய காலத்துள் கிட்டாரைத் தனித்து நின்று பேசும் வாத்தியமாக்கிவிட்டார்.

நம் பகுதியும் இவ்விசைக்குச் செவிமடுத்தது. டேவ் புரூபெக்கின் குழு 1958இல் கொழும்பில் வாசித்தது. அதே பயணத்தில் புரூபெக், மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சென்னையிற் சந்தித்துச் சேர்ந்து வாசித்தார். டியூக் எலிங்டனின் குழு 1963இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தது. பம்பாயின் விடுதிகளிலோ அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே ஜாஸ் ஒலித்துக்கொண்டிருந்தது. அங்கு வாசித்தவர்களுட் பலர் கோவாவைச் சேர்ந்தவர்கள். போர்த்துக்கேயர் 1510 தொடக்கம் 1961 வரை ஆண்ட அந்நாட்டில் தேவாலயப் பள்ளிகள் சிறுவருக்கு மேனாட்டு இசைக்குறியீட்டைக் கற்பித்தன. நமக்குப் பைலாவை விட்டுச் சென்ற அதே போர்த்துக்கேயர் கோவாவுக்கு விட்டுச் சென்ற செல்வம் அது.

அமான்சியோ டி’சில்வா 1936இல் பம்பாயில் ஒரு கோவாக் குடும்பத்திற் பிறந்தார். இளமையிலேயே கிட்டாரிற் பயின்று, விடுதிகளில் வாசித்துப் பிழைத்தார். சிம்லாவில் வாசித்த காலத்தில் அயர்லாந்துப் பெண்மணி ஜாய்சைச் சந்தித்து மணந்தார். ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவியின் ஆதரவும் அவருக்குக் கிட்டியது. 1967இல் குடும்பத்துடன் இலண்டன் சென்றார்.

அக்காலத்து இலண்டனில் இந்திய இசை மீது ஆர்வம் பெருகியிருந்தது. கல்கத்தாவிற் பிறந்த ஜான் மேயரும், யமேக்காவிற் பிறந்த சாக்சபோன் கலைஞர் ஜோ ஹாரியட்டும் சித்தார், தபேலா வாசிப்போரையும் ஜாஸ் வாசிப்போரையும் ஒரே மேடையில் அமர்த்தி, 1966 முதல் இசைத்தட்டுகள் வெளியிட்டிருந்தனர். டெனிஸ் பிரெஸ்டன் என்னும் தயாரிப்பாளர் டி’சில்வாவின் திறமையையும் இனங்கண்டார். அதன் பயனாகவே முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதற்கு இட்ட பெயர் ‘இன்டகிரேஷன்’. ஒருங்கிணைதல் என்பது பொருள்.

இத்தட்டில் சித்தார் இல்லை, தபேலாவும் இல்லை. இயன் கார் டிரம்பெட் வகை வாத்தியங்களையும், டான் ரெண்டல் சாக்சபோனையும் வாசித்தனர். டேவ் கிரீன் பாஸ் வாசிக்க, டிரெவர் டாம்கின்ஸ் டிரம்ஸ் வாசித்தார். நால்வரும் ஏற்கெனவே ஒரே குழுவில் பழகிய பிரித்தானியர். அக்குழுவில் பியானோவுக்கு இருந்த இடத்தை இங்கே டி’சில்வாவின் கிட்டார் ஏற்றது. பிறர் வாசிக்கையில் துணைச் சுரங்கள் கொடுக்கும் கடமையும், தன் முறை வரும்போது தனித்துப் பேசும் உரிமையும் அதற்கே வந்தன.

ஆறு உருப்படிகள் கொண்ட அத்தட்டில் ‘கங்கை’, ‘ஜெய்ப்பூர்’, ‘மகாராணி’ என்பன சில. ‘ஜாய்ஸ் நாடு’ என்பது மற்றொன்று. அது அயர்லாந்தின் மேற்கிலுள்ள ஒரு நிலப்பகுதியின் பெயர்; மனைவியின் பெயரும் அதுவே. தான் நடந்துவந்த வழி முழுவதையும் அவர் அத்தட்டில் வைத்தார் என்று சொல்லலாம். இந்திய வாத்தியம் எதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமலே, தந்தியை அழுத்தும் விரலிலும் சுரத்தை நீட்டும் விதத்திலும் தன் மண்ணின் சாயலைக் கொண்டுவந்தார். இரு இசைகளை அருகருகே இருத்துவது ஒரு வழி. ஒருவருடைய கைக்குள்ளேயே இரண்டும் கூடுவது மற்றொரு வழி. பின்னதே அருமையானது.

அதே ஆண்டில் ஜோ ஹாரியட்டுடன் சேர்ந்து ‘ஹம் தோனோ’ என்னும் தட்டையும் டி’சில்வா அளித்தார். ‘நாம் இருவர்’ என்பது அந்த இந்திச் சொற்களின் பொருள். 1972இல் அவர் பதிவுசெய்த ‘கொங்கண் டான்ஸ்’ அப்போது வெளிவரவில்லை, 2006இலேயே வெளிவந்தது. அதைக் காண அவர் இருக்கவில்லை; 1996இல் இலண்டனிற் காலமானார். வாழ்நாளிற் பெரும் புகழோ பொருளோ அவரை வந்தடையவில்லை. முதல் தட்டை இன்று சேகரிப்போர் தேடி வாங்குகின்றனர்.

நேயர்களே, இனி என் மாணவனின் இரு தடைகளுக்கு வருவோம். கிட்டார் நம்முடையதா என்ற வினாவுக்கு, டி’சில்வாவின் விரல்களே விடை. ஒரு வாத்தியத்தில் எவன் தன் ஊரையும் உறவையும் சொல்ல வல்லனோ, அவனுக்கு அது சொந்தமாகிவிடும். நம் கச்சேரி மேடையில் வயலின் அமர்ந்ததும் அவ்வாறே அன்றோ?

பாட்டியின் தயக்கம் இன்னும் ஆழமானது. பலாபத்வல வழியாகச் செல்லும் வடக்கு வீதியில்தான், மன்னாரில் இறங்கிய நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்தார்கள். வழியில் மாண்டவர் பலர். எஞ்சியவர் மலையில் ஏறிப் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்துப் பாட்டும் நாணத்தக்க பொருள்களா? பருத்தித் தோட்டத்துக் கூலிகளின் பாட்டிலிருந்து வளர்ந்த இசையை உலகம் பெரும் மண்டபங்களில் அமர்ந்து கேட்கிறது. நம் பாட்டு மேடைக்கு ஆகாது என்று நாமே ஒதுக்கிவிட்டால், அதைப் பாடிய தலைமுறையோடு அது மறைந்துபோகும்.

கலைவிழா அன்று அம்மாணவன் அப்பாட்டை வாசித்தான். இரண்டு இடங்களில் தாளம் தடுமாறியது உண்மையே. முன்வரிசையில் இருந்த பாட்டி முதலில் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாம் சுற்றில் அவருடைய உதடுகள் அசைந்தன. மூன்றாம் சுற்றில் மண்டபத்தின் பின்வரிசையிலிருந்த தாய்மார் சிலர் அவரோடு சேர்ந்து பாடினார்கள்.