வீரபாண்டியனை எந்த ஆண்டில் நிறுத்துவது?

ரமண மகரிஷி திருச்சுழியில் பிறந்தது 1879 டிசம்பர் 30. ராமநாதபுரம் மாவட்டம் அமைந்தது 1910-ல், அதிலிருந்து விருதுநகர் பிரிந்தது 1985-ல். காலக்கோடு வரையும் மென்பொருளில் இவற்றை ஏற்றுவது எளிது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து நைட் லேப் உருவாக்கிய ‘டைம்லைன்ஜேஎஸ்’ இலவசம். கூகுள் ஷீட்டில் ஆண்டு, மாதம், நாள், தலைப்பு, படத்தின் இணைப்பு ஆகியவற்றை நிரப்பினால், திரையில் நகரும் வரலாறு தயார்.

திருச்சுழியை ஒட்டிய பள்ளிமடத்துக்குப் போனால்தான் சிக்கல் தொடங்குகிறது.

அங்குள்ள சிவன் கோயிலில் ‘சோழன் தலைகொண்ட’ வீரபாண்டியன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த வறண்ட சீமை எப்படி இருந்தது என்று சொல்லும் அரிய சான்றுகள் அவை. ஆனால் அவற்றில் பொது ஆண்டு கிடையாது. மன்னன் பட்டமேறி எத்தனையாவது ஆண்டு என்பதுதான் இருக்கும். பாண்டியர் கல்வெட்டுகளில் ‘இன்ன ஆண்டின் எதிர் இன்ன ஆண்டு’ என்ற வழக்கும் உண்டு. அங்கே இரண்டு எண்களையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மென்பொருளோ நான்கு இலக்க ஆண்டைக் கேட்டு நிற்கிறது.

இதற்குத் திறவுகோல் பழனிக்கு அருகே ஐவர்மலையில் கிடைத்தது. சக ஆண்டு 792, பாண்டிய மன்னன் வரகுணனின் 8-ஆம் ஆட்சியாண்டு என இரண்டையும் சேர்த்துச் சொல்லும் கல்வெட்டு அது. சக ஆண்டோடு 78-ஐக் கூட்டினால் 870. ஆகவே வரகுணன் பட்டமேறியது 862-ஐ ஒட்டி. இப்படியொரு பிடி கிடைக்காத மன்னர்களுக்கு ‘ஏறத்தாழ’ என்றுதான் எழுத முடியும். வீரபாண்டியனுக்கு ஆய்வாளர்கள் சொல்லும் தொடக்கம் ஏறத்தாழ 946.

அந்த ‘ஏறத்தாழ’வைத் தொலைத்துவிடக் கூடாது. 1765-ல் ஆங்கிலேய அறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி சுமார் 2,000 பேரின் வாழ்நாளை ஒரே தாளில் கோடுகளாக வரைந்தபோது, உறுதியில்லாத ஆண்டுகளைப் புள்ளிகளால் காட்டினார். கணினிக்கும் வழி உண்டு. 2019-ல் வந்த ஐஎஸ்ஓ 8601-2 தரத்தில், ஆண்டுக்குப் பின்னால் ஒரு அலைக்குறி போட்டால் அது தோராயம் என்று பொருள். டைம்லைன்ஜேஎஸ்ஸிலும் திரையில் தோன்றவேண்டிய தேதியைத் தனியே எழுதிக்கொள்ள ஒரு பத்தி இருக்கிறது.

அருப்புக்கோட்டை வட்டாரப் பள்ளிகள் இதில் இறங்கினால், கல்லில் உள்ள ஆட்சியாண்டை ஒரு பத்தியிலும் பட்டமேறிய ஆண்டை இன்னொன்றிலும் வைத்து, பொது ஆண்டைச் சூத்திரமே கணக்கிடும்படி விடலாம். நாளை 946 என்பது திருத்தப்பட்டால் ஒரு எண்ணை மாற்றினால் போதும். பள்ளிமடத்துக் கல்வெட்டுகள் அத்தனையும் சேர்ந்து நகரும்.