காட்டின் பட்டா யார் பெயரில்?

தோட்டத்தில் வளர்ந்த குடும்பங்களுக்கு ஒரு பாடத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று தலைமுறையாகக் கும்பிட்ட கோயிலாக இருக்கலாம். ஆடித் திருவிழா ஒரு வருடம்கூட நின்றிருக்காது. ஆனால் நிலப்பட்டா கோயில் பெயரில் இல்லையென்றால், தோட்டம் கைமாறும் நாளில் அம்மனும் இடம் மாற வேண்டியதுதான்.

காட்டின் கதையும் இதுதான் என்பது எனக்குச் சபாவில் புரிந்தது.

வானொலியில் வேலை செய்வதால், ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று, மரம் நட்ட செய்திகள் என் மேசையில் குவியும். எத்தனை மரம், எந்தப் பள்ளி, தொடக்கி வைத்தவர் யார் எல்லாம் இருக்கும். அந்த மரம் யாருடைய நிலத்தில் நிற்கிறது என்பது மட்டும் இருக்காது. சென்ற ஆண்டு விடுமுறையில் கினபாத்தாங்கான் ஆற்றைப் பார்க்கப் போனேன். அங்கே எல்லாரும் முதலில் பேசுவதே அந்த நிலத்தைப் பற்றித்தான்.

கினபாத்தாங்கான், சபாவின் மிக நீளமான ஆறு, 560 கிலோமீட்டர். அதன் கீழ்ப்பகுதியில் ஏறத்தாழ 26,000 ஹெக்டர் காடு 2005ஆம் ஆண்டு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அது ஒரே காடு அல்ல. ஆற்றோரமாகப் பத்துத் துண்டுகள். நூல் அறுந்து சிதறிய மணிகளைப் போல. இடையிடையே செம்பனைத் தோட்டங்கள், கம்பத்து நிலங்கள், தனியார் மனைகள்.

படகில் போகும்போது கரையோர மரங்களில் நீள்மூக்குக் குரங்குகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. படம் எடுக்கத் திரும்பினேன். மரங்களுக்குப் பின்னால், கொஞ்ச தூரத்திலேயே, செம்பனை வரிசை. செம்பனையைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. நம்மில் பலருடைய தாத்தா பாட்டி குலை வெட்டியும் உதிரி பொறுக்கியும்தானே பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்? ஆனாலும் ஒரு துண்டுக் காட்டிலிருந்து அடுத்த துண்டுக்கு ஒரு யானைக் கூட்டம் எப்படிப் போகும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. வழி இல்லாதபோது யானை தோட்டத்துக்குள்தான் இறங்கும். அங்கே இளங்கன்றுகள் நாசமாகும். நஷ்டம் இரண்டு பக்கமும்தான்.

ஓராங் ஊத்தானுக்கு வேறு சிக்கல். அதற்கு நீந்தத் தெரியாது. முன்பெல்லாம் கிளையாறுகளின் மேல் இரு கரை மரங்களும் கைகோத்து நின்றன. அதன் வழியாகக் கடந்தது. பெரிய மரங்கள் போனதும் வழியும் போனது. சுக்காவ் கம்பத்தில் 1998 முதல் இயங்கும் ஹுத்தான் என்ற அமைப்பு, பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு கயிற்றுப் பாலங்கள் கட்டியது. ஓராங் ஊத்தான்கள் அதில் கடக்கவும் செய்தன. ஆனால் பாலம் முதலுதவிதான். சிகிச்சை, நடுவில் உள்ள நிலத்தைக் காடாக வைத்திருப்பது.

நிலப் பொறுப்பு அமைப்புகள் செய்யும் வேலை அதுதான். பிரிட்டனைச் சேர்ந்த வோர்ல்ட் லேண்ட் டிரஸ்ட் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டுகிறது. விற்க விரும்பும் உரிமையாளரிடமிருந்து நிலத்தை விலை கொடுத்து வாங்க உள்ளூர் அமைப்புகளுக்கு உதவுகிறது. நிலத்தைத் தன் பெயரில் வைத்துக்கொள்வதில்லை. காக்கும் பொறுப்பு உள்ளூர்க்காரர்களுடையது. சுக்காவ் அருகே கெருவாக் வனக்காப்பகத்தைச் சரணாலயத்தோடு இணைக்கும் நிலங்கள் இப்படித்தான் மீட்கப்பட்டன. இரண்டு பெரிய காடுகளுக்கு நடுவில் இருக்கும் சிறு துண்டின் மதிப்பை அதன் ஏக்கரைக் கொண்டு அளக்க முடியாது. வீட்டுக்கு வாசல் எவ்வளவு பெரியது என்று யார் பார்க்கிறோம்?

வாங்கியதோடு வேலை முடிவதில்லை. வெட்டவெளியான ஆற்றங்கரையில் கன்று நட்டால், புல்லும் கொடியும் அதற்கு மேலே வளர்ந்து வெயிலை மறைக்கும். வெள்ளம் வரும். யானையும் மிதிக்கும். கினபாத்தாங்கானில் மரம் நடும் ஹுத்தான் குழுவில் இருப்பவர்கள் சுக்காவ் கம்பத்துப் பெண்கள். கன்று நட்ட இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் புல்லை வெட்டுவது அவர்கள் வேலை. அதைப் படம் எடுத்து எங்கள் நிலையத்துக்கு யாரும் அனுப்புவதில்லை. ஆனால் மரம் பிழைப்பது அதனால்தான்.

"அரசாங்கம் வனக்காப்பகமாக அறிவித்தால் போதாதா?" என்று கேட்கலாம். கோல லங்காட் வடக்கு வனக்காப்பகத்தை நினைத்துப் பாருங்கள். 2021ஆம் ஆண்டு அதில் 500 ஹெக்டருக்கும் மேற்பட்ட பகுதி காப்பகப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பூர்வகுடியினரும் பொதுமக்களும் எதிர்த்துக் குரல் கொடுத்த பிறகு, அதே ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூர் அரசு அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. ஓர் அறிவிப்பு காத்ததை இன்னோர் அறிவிப்பு கலைக்க முடியும். தனிப் பட்டா இருந்தாலும் அரசு நிலத்தைக் கையகப்படுத்த முடியாது என்றில்லை. ஆனால் பட்டா இருந்தால் பேச்சுவார்த்தை மேசையில் நமக்கும் ஒரு நாற்காலி உண்டு.

எல்லாக் காட்டையும் காசு கொடுத்து வாங்க முடியாது, தேவையும் இல்லை. எந்தத் துண்டு எதை இணைக்கிறது என்று பார்த்து வாங்கினால் போதும். பிறந்தநாளுக்கோ நிறுவனத்தின் பெயரிலோ மரம் நடப் பணம் கொடுக்கும் இளையோர் இப்போது நிறைய இருக்கிறார்கள். நல்ல காரியம். அடுத்த முறை பணம் கட்டும் முன் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்: இந்த நிலத்தின் பட்டா யாரிடம் இருக்கிறது? பக்கத்தில் என்ன காடு இருக்கிறது? அடுத்த வருடம் புல் வெட்டப் போவது யார்?

பதில் சொல்லத் தெரிந்தவரிடம் பணத்தைக் கொடுங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துப் போங்கள், மரம் நடும் நாளில் மட்டுமல்ல, புல் வெட்டும் நாளிலும்.