செவ்வாய்ல ரீசெட் ஆன கம்ப்யூட்டரும் ஒரு ஜெராக்ஸ் கடையும்

ஓ.எஸ். பேப்பர்ல வர்ற ஷெட்யூலிங் கணக்கு உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பி1, பி2, பி3, பி4ன்னு நாலு பிராசஸ். ஒவ்வொண்ணுக்கும் பர்ஸ்ட் டைம், ப்ரையாரிட்டி எல்லாம் ஒரு டேபிள்ல கொடுத்திருப்பாங்க. கான்ட் சார்ட் போட்டு, ஆவரேஜ் வெயிட்டிங் டைம் கண்டுபிடிச்சு, கீழே ரெண்டு கோடு இழுத்தா முழு மார்க். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

அந்த டேபிள்ல ஒரு விஷயம் மட்டும் இருக்காது. அந்த நாலு பிராசஸும் தங்களுக்குள்ள எதையுமே பகிர்ந்துக்காது. வரும், ஓடும், போயிடும். நிஜ சிஸ்டத்துல ஒரே ஃபைல், ஒரே பஃபர், ஒரே பஸ்ஸுக்குப் (டேட்டா போற பஸ்ஸைச் சொல்றேன், டவுன் பஸ் இல்ல) பத்து டாஸ்க் போட்டி போடும். அதுக்காக லாக் போடுவோம். ஆனா லாக் பத்தின பாடம் சிலபஸ்ல தனியா வரும், ஷெட்யூலிங் தனியா வரும். ரெண்டும் சேர்ந்தா என்ன ஆகும்னு 1997ல ஒரு சம்பவம் காட்டிக் கொடுத்தது. நடந்த இடம் செவ்வாய் கிரகம்.

1997 ஜூலை 4 அன்று நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. அதுக்குள்ள இருந்துதான் சோஜர்னர் வெளியே வந்தது, செவ்வாய்த் தரையில ஓடின முதல் ரோவர். படங்கள் வந்துச்சு, உலகமே கொண்டாடுச்சு. சில நாள்லயே லேண்டர்ல இருந்த கம்ப்யூட்டர் தானா ரீசெட் ஆக ஆரம்பிச்சது. ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்ப. ரீசெட் ஆனா, மெமரியில ஏற்கெனவே சேர்த்த டேட்டா போகாது. ஆனா அன்னைக்குச் செய்யச் சொல்லியிருந்த மிச்ச வேலை எல்லாம் நின்னுடும், அடுத்த நாள்தான் தொடர முடியும். நம்ம லேப்டாப் மாதிரி பவர் பட்டனை அழுத்திப் பார்க்கவும் முடியாது. ஒரு சிக்னல் போய்ச் சேரவே பத்து நிமிஷத்துக்கு மேல ஆகும். பத்திரிகைகள் "கம்ப்யூட்டர் ஒரே நேரத்துல நிறைய வேலை செய்யப் பார்க்குது"ன்னு எழுதினாங்க. உண்மையான காரணம் அதைவிட சுவாரஸ்யமானது.

அதைப் புரிஞ்சுக்க முதல்ல நம்ம காலேஜ் கேட் பக்கத்துல இருக்கிற ஜெராக்ஸ் கடைக்குப் போவோம். மெஷின் ஒண்ணே ஒண்ணு. எழுதப்படாத சட்டம் ஒண்ணு இருக்கு: சீனியர் வந்தா ஜூனியர் வழி விடணும். ஒரு ஃபர்ஸ்ட் இயர் தம்பி, ஃபைனல் இயர் அண்ணனோட நோட்டை வாங்கிட்டு வந்து காப்பி போட்டுட்டு இருக்கான். பாதியில அண்ணனுக்கு அந்த நோட்டு அவசரமாத் தேவைப்படுது. "முடிச்சுட்டுக் கொண்டு வாடா"ன்னு சொல்லிட்டு ஹாஸ்டல்ல காத்திருக்கார். அந்த நேரம் பார்த்து செகண்ட் இயர் பசங்க வர்றாங்க, ஒருத்தர் ஹால் டிக்கெட்டோட, இன்னொருத்தர் நூறு பக்க ரெக்கார்டோட. சட்டப்படி தம்பி ஒதுங்கி நிக்கிறான். செகண்ட் இயர் கூட்டம் குறையவே இல்லை.

இப்ப யார் யாருக்காகக் காத்திருக்காங்க பாருங்க. அண்ணன் தம்பிக்காகக் காத்திருக்கார், அது நியாயம், நோட்டு அவன்கிட்ட இருக்கு. ஆனா தம்பி செகண்ட் இயர் பசங்களுக்காக நிக்கிறதால, அண்ணனும் அவங்களுக்காகத்தான் காத்திருக்கார். அவங்களுக்கும் அந்த நோட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. கடைக்காரர் மேல தப்பு சொல்ல முடியுமா? ஒவ்வொரு தடவையும் கண்ணு முன்னாடி நின்னவங்கள்ல பெரியவரைத்தான் கவனிச்சார்.

இதுக்குப் பேர் ப்ரையாரிட்டி இன்வெர்ஷன், முன்னுரிமை தலைகீழாகிறது. மெஷின்தான் சி.பி.யு., கடைக்காரர் ஷெட்யூலர், நோட்டு மியூடெக்ஸ்.

பாத்ஃபைண்டர்ல ஓடினது விஎக்ஸ்வொர்க்ஸ்ங்கிற ரியல்-டைம் ஓ.எஸ். கருவிகளை எல்லாம் இணைக்கிற பஸ்ஸுக்கு ரெண்டு டாஸ்க் இருந்தது. ஒண்ணு அடுத்த சுற்றுக்கான பஸ் வேலையைத் திட்டம் போடும். இன்னொண்ணு, வந்த டேட்டாவை எடுத்து யார் யாருக்கு வேணுமோ அவங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும். ரெண்டுக்கும் உயர்ந்த ப்ரையாரிட்டி. சுற்று ஒண்ணுக்கு 0.125 செகண்ட், அதாவது செகண்டுக்கு 8 தடவை. திட்டம் போடற டாஸ்க் எழுந்திருக்கும்போது, பகிர்ந்து கொடுக்கிற டாஸ்க் போன சுற்றை இன்னும் முடிக்கலைன்னா, ஏதோ பெரிய கோளாறுன்னு அர்த்தம், உடனே ரீசெட்.

வானிலை டேட்டா சேகரிக்கிற டாஸ்க்தான் நம்ம ஃபர்ஸ்ட் இயர் தம்பி. ரொம்பக் குறைந்த ப்ரையாரிட்டி. பைப் வழியா டேட்டா வருதான்னு பார்க்க அது செலக்ட்ங்கிற ஃபங்ஷனைக் கூப்பிடும், அதுக்குள்ள ஒரு மியூடெக்ஸைப் பிடிக்கும். பிடிச்ச நேரத்துல வேற டாஸ்க் வந்து அதை ஓரங்கட்டிடுச்சு. பகிர்ந்து கொடுக்கிற டாஸ்க் அதே மியூடெக்ஸைக் கேட்டு நின்னுடுச்சு. நடுத்தர ப்ரையாரிட்டி டாஸ்க்குகள் ஜாலியா ஓடிட்டு இருந்தது. 0.125 செகண்ட் முடிஞ்சது. ரீசெட்.

இந்தப் பிரச்சனை எப்பவும் வராது. மியூடெக்ஸைப் பிடிக்கிற அந்தச் சின்ன இடைவெளியிலேயே மத்தது எல்லாம் நடக்கணும். பூமியில டெஸ்ட் பண்ணும்போதே இந்த ரீசெட் தலைகாட்டியிருக்கு. ஆனா திரும்ப வரவழைக்க முடியலை, அதனால அப்படியே விட்டுட்டாங்க. செவ்வாய்ல வந்த பிறகு ஜே.பி.எல். குழு லேப்ல இருந்த மாதிரிக் கருவியில அதே வேலைகளை ஓட விட்டு, 18 மணி நேரத்துக்குள்ள ரீசெட்டை வரவழைச்சாங்க. எந்த டாஸ்க் எப்ப ஓடினது, எந்த லாக் யார் கையில இருந்ததுங்கிற பதிவை வெச்சு காரணம் தெரிஞ்சது.

சரி, ஜெராக்ஸ் கடையில நீங்க என்ன பண்ணுவீங்க? "இது ஃபைனல் இயர் அண்ணன் நோட்டு, அவர் காத்துட்டு இருக்கார்"னு தம்பி சொன்னா போதும், அவனை முன்னாடி விடுவாங்க. நோட்டைத் திருப்பிக் கொடுத்த நிமிஷமே அவன் பழையபடி ஃபர்ஸ்ட் இயர். ப்ரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ்ங்கறது இவ்வளவுதான். லாக் வெச்சிருக்கிற டாஸ்க், அதுக்காகக் காத்திருக்கிறவங்கள்ல உயர்ந்த ப்ரையாரிட்டியைக் கடன் வாங்கிக்கும், லாக்கை விட்டதும் திருப்பிக் கொடுத்துடும்.

விஎக்ஸ்வொர்க்ஸ்ல இந்த வசதி அப்பவே இருந்தது. மியூடெக்ஸ் உருவாக்கும்போது ஆன் பண்ணணும். செலக்ட்டுக்குள்ள இருந்த அந்த மியூடெக்ஸ்ல மட்டும் வேகத்துக்காக ஆஃப்ல இருந்தது. அதை ஆன் பண்ற திருத்தத்தை பூமியில இருந்தே அனுப்பினாங்க. ரீசெட் நின்னது.

இந்தப் பிரச்சனை புதுசும் இல்ல. லாம்ப்சனும் ரெடெல்லும் மீசா மொழி பத்தி 1980ல எழுதின பேப்பர்லயே இது வருது. மீசா உருவானது, நம்ம கடைக்குப் பேர் கொடுத்த அதே ஜெராக்ஸ் கம்பெனியில! தீர்வை முழுசா நிரூபிச்சு 1990ல பேப்பர் போட்டவங்க லுய் ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோட்ஸ்கி. இதுல ராஜ்குமார் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. டெக்ல பி.இ. படிச்சவர். இது தெரிஞ்சப்ப எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது, ஒத்துக்கறேன். 1997 டிசம்பர்ல ரியல்-டைம் சிஸ்டம்ஸ் மாநாட்டுல இந்தக் கதையைச் சொன்னப்போ, மூணு பேருமே அந்த அறையிலதான் இருந்தாங்களாம்.

இதை எல்லாம் நான் தேடிப் படிச்சதுக்குக் காரணம் எங்க மினி ப்ராஜெக்ட். எஸ்.டி.எம்.32 போர்டு, ஃப்ரீஆர்டாஸ், மூணு டாஸ்க். சென்சார் படிச்சு வாட்ச்டாகைக் கவனிக்கிறது பெருசு, கணக்குப் போடறது நடுத்தரம், டிஸ்ப்ளேல எழுதறது சின்னது. சென்சாரும் டிஸ்ப்ளேயும் ஒரே ஐ-ஸ்கொயர்-சி பஸ்ல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போர்டு ரீசெட் ஆகும். "லூஸ் கான்டாக்ட் மச்சான்"னு சொல்லி ஒரு வாரம் ஒயரை மாத்திக்கிட்டு இருந்தோம். பவர் சப்ளைகூட புதுசு வாங்கினோம், காசு தண்டம். கடைசியில பார்த்தா பஸ்ஸுக்கு லாக்கா நாங்க போட்டிருந்தது பைனரி செமஃபோர். ஃப்ரீஆர்டாஸ்ல மியூடெக்ஸுக்கு மட்டும்தான் ப்ரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ் உண்டு, பைனரி செமஃபோருக்குக் கிடையாது. "ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்"னு வைவாவுல சொல்லி நான் மார்க் வாங்கியிருக்கேன்! உருவாக்கற வரியை மாத்தி, அதுக்குக் கீழே இருந்த கிவ் வரியை எடுத்தோம். ரெண்டே வரி.

நீங்க லினக்ஸ்ல பி-த்ரெட் எழுதறவங்களா இருந்தா இதையும் பார்த்துக்கோங்க: அங்க சாதாரணமா உருவாக்கற மியூடெக்ஸுக்கும் இன்ஹெரிட்டன்ஸ் வராது, அட்ரிபியூட்ல நீங்களே கேட்டு வாங்கணும். வாங்கிட்டா எல்லாம் தீர்ந்ததுன்னும் இல்ல. ரெண்டு டாஸ்க் ரெண்டு லாக்கை எதிரெதிர் வரிசையில பிடிச்சா வர்ற டெட்லாக்கை இது தடுக்காது. அதுக்கு ப்ரையாரிட்டி சீலிங்னு இன்னொரு முறை அதே 1990 பேப்பர்ல இருக்கு, படிச்சுப் பாருங்க. தம்பி அண்ணன் நோட்டைக் கையில வெச்சுக்கிட்டே நிதானமா டீ குடிக்கப் போயிட்டாலும் இன்ஹெரிட்டன்ஸ் உதவாது. லாக்கைப் பிடிச்சிருக்கும்போது டிலே போடற பழக்கம் எங்க கோடுலயும் இருந்தது.

மாத்தின பிறகு போர்டை ஹாஸ்டல் ரூம்ல ராத்திரி முழுக்க ஓட விட்டோம். காலைல எழுந்து பார்த்தா டிஸ்ப்ளேல அப்டைம் 9 மணி நேரம் காட்டுது. ரூம்மேட் மட்டும் திட்டினான், அவன் சார்ஜர் போடற பிளக்ல போர்டைச் சொருகியிருந்தேன்.