பாலர் வகுப்பில் ரப்பர் கொட்டைக்கு என்ன வேலை?

தோட்டப்புறப் பாலர் வகுப்பொன்றின் பெற்றோர் கூட்டத்திற்கு நாம் சென்றிருந்தோம். கூட்டம் முடியும் தறுவாயில், பின்வரிசையில் அமர்ந்திருந்த தந்தை ஒருவர் எழுந்தார். காலையில் பால் வெட்டை முடித்து, குளித்து உடைமாற்றி வந்திருந்தார். "டீச்சர், குறையாகச் சொல்லவில்லை. என் மகன் ஆறு மாதமாக இங்கே வருகிறான். வீட்டுக்கு வரும்போது பையில் கித்தாக் கொட்டையும் சருகும்தான் இருக்கின்றன. கொட்டை பொறுக்குவதற்கென்றால் என்னோடு காட்டுக்கே அழைத்துப் போய்விடுவேனே. பள்ளிக்கு அனுப்புவது எழுதப் படிக்கத்தானே?" என்று கேட்டார். சிலர் சிரித்தனர். ஆயினும், அவர் கேட்டதில் நியாயம் உண்டு என்றே பலருடைய முகங்களும் கூறின.

நியாயம் உண்டு என்பதனை நாமும் ஒப்புக்கொள்கிறோம். தாம் பெறாத கல்வியைத் தம் பிள்ளையேனும் பெற வேண்டும் என்பதற்காக விடியலுக்கு முன் எழுந்து உழைப்பவர், பிள்ளையின் ஒரு நாளும் வீணாகக் கூடாது என்று எண்ணுவது இயல்பே. ஆதலின், அந்தக் கொட்டை அவ்வகுப்பில் என்ன வேலை செய்தது என்பதனைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம்.

ரப்பர்க் காய் முற்றும் பருவம் அது. காடு முழுவதும் 'படார், படார்' என்று காய் வெடிக்கும் ஓசையை நீங்கள் நாள்தோறும் கேட்கிறீர்கள். லயத்துக் கூரைமீது கொட்டை விழும் ஓசையைக் கேட்டே பிள்ளைகள் வளர்கிறார்கள். ஒருநாள் காலை, வகுப்பில் ஒரு சிறுவன், "டீச்சர், காயை யார் உடைப்பது?" என்று கேட்டான். ஆசிரியை நினைத்திருந்தால் ஒரே வாக்கியத்தில் விடை கூறி, அடுத்த வேலைக்குப் போயிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. "யார் உடைக்கிறார்கள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?" என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டார். குரங்கு கடித்து உடைக்கிறது என்றான் ஒருவன். மழை பெய்தால் ஊறி வெடிக்கும் என்றாள் ஒருத்தி. வெயில் பட்டு வெடிக்கும் என்றாள் இன்னொருத்தி. பேய் என்றும் ஒரு குரல் வந்தது. எது சரி, எது தவறு என்று ஆசிரியை கூறவில்லை. ஒரு பெரிய தாளில் குரங்கு, மழை, சூரியன், பேய் ஆகிய நான்கையும் வரைந்து, ஒவ்வொரு பிள்ளையும் தான் நம்பும் படத்தின் கீழே தன் பெயரை எழுதி ஒட்டுமாறு செய்தார். பின்னர், "இதை எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டார்.

முற்றியும் வெடிக்காத காய்கள் சில கொண்டுவரப்பட்டன. பாதியை ஒரு கூடையிலிட்டு, கொட்டை தெறித்துக் கண்ணில் படாதபடி வலைத்துணியால் மூடி, வெயில் விழும் சன்னலோரம் வைத்தார்கள். மறுபாதியை ஈரத்துணியில் சுற்றி, ஒரு பிஸ்கட் டின்னில் வைத்தார்கள். நாள்தோறும் காலையில் வந்ததும் பார்ப்பது, பார்த்ததை வரைவது. இவ்வளவுதான் வேலை. மூன்றாம் நாள் பதினோரு மணியளவில், கதை கேட்டுக்கொண்டிருந்த வகுப்பில் 'படார்' என்று ஓசை எழுந்தது. கதையை யார் கேட்பார்? அனைவரும் கூடையை நோக்கி ஓடினர். ஈரத்துணியில் இருந்தவை அப்படியே இருந்தன. குரங்கும் வரவில்லை, பேயும் வரவில்லை. காய் உலர்கையில் அதன் கடினமான ஓட்டின் அடுக்குகள் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. அதனால் உள்ளே இறுக்கம் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் ஓடு பிளந்து, கொட்டைகளை வீசியெறிகிறது. அந்த விளக்கம் முழுவதும் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தேவையில்லை. 'காய்ந்தால் வெடிக்கிறது, ஈரமாக இருந்தால் வெடிக்கவில்லை' என்பதே போதும். அதனைப் பிறர் சொல்லி அவர்கள் அறியவில்லை, தாமே கண்டார்கள்.

எழுத்தும் எண்ணும் எங்கே என்று அந்தத் தந்தை கேட்டார் அல்லவா? ஒரு காய்க்குக் கொட்டை மூன்று. மூன்று மூன்றாகக் குவித்து வைத்து எண்ணியபோது நான்கு காய்க்குப் பன்னிரண்டு என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே வந்தது. பள்ளியோரத்து மரத்தினடியிலிருந்து, மிகத் தொலைவில் விழுந்து கிடந்த கொட்டை வரை காலடியால் அளந்தார்கள். ஒரு சிறுமிக்கு 31 அடி வந்தது. ஆசிரியைக்கோ 14 அடிதான். "டீச்சர் தப்பாக எண்ணினார்" என்று ஒரு வாக்குவாதம் எழுந்து, அவரவர் கால் வேறு, ஆகவே அளவும் வேறு என்பதில் போய் முடிந்தது. அளவுகோல் எதற்கென்று புரியாமலே அளவுகோலைப் பிடிக்கும் பெரிய பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். தாளின் கீழே 'காய்', 'கொட்டை', 'வெயில்' என்று ஆசிரியை எழுதியிருந்தார். தம் கண்டுபிடிப்பின் பெயர் என்பதால் அச்சொற்களைப் பிள்ளைகள் தாமே விரும்பி எழுதிப் பார்த்தனர்.

இம்முறையினை ஆய்ந்தறிந்து கற்றல் என்று கூறலாம். ஆசிரியர்கள் மலாய் மொழியில் 'இன்குயிரி' என்று குறிப்பிடுவதைக் கேட்டிருப்பீர்கள். கேள்வி பிள்ளையிடமிருந்து பிறக்க வேண்டும். விடையை ஊகிக்க வேண்டும். செய்து பார்த்து, கண்டதைப் பிறருக்குச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறையின் ஓர் அங்கமாக்கியது. 2003ஆம் ஆண்டில் தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2010இல் வந்த புதிய தரக் கலைத்திட்டம் 2017இல் திருத்தியமைக்கப்பட்டபோது, விளையாட்டுவழிக் கற்றலோடு இந்த ஆய்ந்தறியும் முறையும் அதில் இடம்பெற்றது. எனவே, ஆசிரியை பொழுதுபோக்கிற்காகக் கொட்டை பொறுக்கச் சொல்லவில்லை என்பது தெளிவு.

இது வசதி படைத்தோர் பிள்ளைகளுக்கு உரிய முறை என்று சிலர் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார் 1907இல் தம் முதல் பாலர் இல்லத்தை ரோம் நகரின் சான் லொரென்ஸோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில்தான் திறந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945ஆம் ஆண்டில், இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகருக்கு அருகே உள்ள வில்லா செல்லா என்னும் சிற்றூர் மக்கள், ஜெர்மானியப் படை விட்டுச்சென்ற ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்று, அப்பணத்தில் தம் கையாலேயே பாலர் பள்ளி கட்டினார்கள். அவர்களும் உழவர்களும் தொழிலாளர்களுமே. அங்கிருந்து வளர்ந்த கல்வி முறையைக் காண இன்றும் பல நாட்டு ஆசிரியர்கள் அந்நகருக்குச் செல்கின்றனர்.

மீண்டும் நம் தோட்டத்திற்கு வருவோம். கொட்டைக்கு அடுத்து, அவ்வகுப்பில் இரண்டு கோப்பைப் பால் பாடமாயிற்று. தாயார் ஒருவர் அன்று காலை எடுத்த பாலில் சிறிது கொண்டுவந்து கொடுத்தார். ஒரு கோப்பையில் எலுமிச்சைச் சாறு பிழியப்பட்டது. மற்றதில் ஒன்றும் சேர்க்கப்படவில்லை. சாறு விட்ட பால் சிறிது நேரத்தில் திரிந்து கட்டியாயிற்று. "புளிப்பு பட்டால் பால் கட்டியாகும்" என்று பிள்ளைகள் முடிவு கட்டினர். பாடம் அத்துடன் முடிந்தது என்றே ஆசிரியையும் எண்ணியிருந்தார். மறுநாள் காலை பார்த்தால், ஒன்றும் விடாத கோப்பையும் கட்டியாகியிருந்தது! யார் இரவில் வந்து எலுமிச்சை பிழிந்தது?

பால் வெட்டுவோருக்கு இது புதுமையன்று. கோப்பையில் விட்டுவிட்ட பால் மறுநாள் கட்டிப்பாலாகக் கிடப்பதை எத்தனை முறை கண்டிருக்கிறீர்கள்! ஆனால், ஏன் என்று கேட்டதுண்டா? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பாலில் உள்ள சர்க்கரைப் பொருளை உண்டு, புளிப்பை உண்டாக்குகின்றன. அப்புளிப்பே பாலைத் திரியச் செய்கிறது. பிள்ளைகள் அவ்வளவு தூரம் போகவில்லை; இரண்டு கோப்பைகளையும் முகர்ந்து பார்த்து, "இதுவும் புளிச்ச வாடை அடிக்கிறது" என்று ஒருவன் சொன்னதோடு நின்றனர். அவன் சொன்னது மிகச் சரி.

இவ்விடத்தில் நம்முடைய தவறு ஒன்றையும் கூறிவிடுவது நேர்மையாகும். ஆசிரியர் பயிற்சி முடித்து, நாம் முதன்முதலாக வகுப்பெடுத்த காலம். செடி வளர்வதைப் பற்றிய பாடம். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, "கல் வளருமா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. பாடத்தை முடிக்க வேண்டிய அவசரத்தில், "பாடத்தில் உள்ளதை மட்டும் கேள்" என்று அமரச் செய்துவிட்டோம். அவ்வாண்டு முடியும் வரை அச்சிறுமி எம்மிடம் வேறு கேள்வியே கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, பெருமழை ஓய்ந்த ஒருநாள் லயத்து முற்றத்தில் நடந்தபோது, முன்பு கண்ணில் படாத கற்கள் மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்பதைக் கண்டோம். மழையில் மண் கரைந்தோட, கல் வெளியே தெரிகிறது. கல் 'வளர்வதை' அவள் ஒருவேளை உண்மையிலேயே பார்த்திருப்பாள்! அதனை விசாரித்தறியும் வாய்ப்பை நாம் இழந்தோம், அவளும் இழந்தாள்.

வீட்டிலும் இதுவே நிகழ்கிறது. களைத்து வந்து அமரும் வேளையில் பிள்ளை 'ஏன், ஏன்' என்று துளைத்தால் எரிச்சல் வருவது இயற்கை. எல்லாக் கேள்விக்கும் விடை கூற எவராலும் இயலாது, கூறவும் வேண்டியதில்லை. "எனக்கும் தெரியவில்லை, நாளைக்குப் பார்க்கலாம்" என்று கூறுவது பெற்றோருக்கு இழிவன்று. ஆனால், உங்கள் தொழிலைப் பற்றிய கேள்விகளுக்கு உங்களைவிட நன்றாக விடை கூறக்கூடியவர் எவர்? "அம்மா, ஏன் இருட்டிலேயே மரம் வெட்டப் போகிறீர்கள்?" என்று பிள்ளை கேட்டால், "வெயில் ஏறினால் பால் குறையும்" என்கிறோம். அதற்கு மேலும் உண்டு. இரவில் மரம் வேரால் நீரை இழுத்துக்கொண்டே இருக்கிறது; இலை வழியாக வெளியேறும் நீரோ மிகக் குறைவு. ஆகவே, பட்டைக்குள் உள்ள பால் குழாய்கள் விடியற்காலையில் நன்கு அழுத்தமேறி நிற்கின்றன. அப்போது வெட்டினால் பால் விரைந்து வழிகிறது. வெயில் ஏற, இலைகள் நீரை வெளிவிட, அழுத்தம் தளர்ந்து ஒழுக்கும் குறைகிறது. நீரேற்றிய பலூனில் துளையிட்டும், பாதி வற்றிய பலூனில் துளையிட்டும் காட்டினால் பிள்ளைக்கு விளங்கிவிடும்.

இத்தொழில் இந்நாட்டில் வேரூன்றியதே ஒருவர் செய்து பார்த்த ஆய்வினால்தான். பிரேசிலிலிருந்து 1876இல் எடுத்துச் செல்லப்பட்ட விதைகளில் முளைத்த கன்றுகளுள் 22 கன்றுகள் மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் அங்குள்ள தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைக் கோடரியால் கொத்திக் காயப்படுத்தாமல், பட்டையை மெல்லியதாக மீண்டும் மீண்டும் சீவினால் பால் தொடர்ந்து கிடைக்கும் என்பதனைச் சோதித்துக் கண்டார். ரப்பர் நடுமாறு எல்லாரிடமும் வற்புறுத்தித் திரிந்த அவரைப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று கேலி செய்தனர். இன்று உங்கள் கையில் உள்ள வெட்டு முறை அவருடைய சோதனையின் வழிவந்ததே.

சில எச்சரிக்கைகளைக் கூறாமல் விடுவதற்கில்லை. பாடத்திற்குப் பால் கேட்டால் பால் மட்டும் கொடுங்கள். ஆலையில் பாலை உறைய வைக்கப் பயன்படும் ஃபார்மிக் அமிலத்தை ஒரு சொட்டும் பிள்ளைகள் இருக்கும் இடத்திற்குக் கொண்டு செல்லலாகாது. அது தோலையும் கண்ணையும் சுடும். களைக்கொல்லி மருந்து இருந்த கலன் எத்தனை முறை கழுவப்பட்டதாயினும் வகுப்பிற்கோ வீட்டிற்கோ ஆகாது. பச்சை ரப்பர்க் கொட்டையின் பருப்பில் நச்சுத்தன்மை உண்டு. பிள்ளைகள் கடித்துப் பார்க்காமல் காக்க வேண்டும். சிலருடைய தோலுக்கு ரப்பர்ப் பால் ஒவ்வாது. அரிப்போ தடிப்போ கண்டால் ஆசிரியையிடம் முன்னரே கூறிவிடுக. கொட்டையைச் சிமெந்துத் தரையில் தேய்த்து, சூடேறியதும் பக்கத்துப் பிள்ளையின் கையில் வைக்கும் குறும்பைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் செய்திருப்பீர்கள், நாமும் செய்தோம். அடிப்பதற்கு முன், "ஏன் சூடாயிற்று?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கூட்டத்தில் எழுந்து நின்ற அந்தத் தந்தைக்கு ஆசிரியை நீண்ட விளக்கம் எதுவும் தரவில்லை. சுவரிலிருந்த தாளைக் காட்டி, அவருடைய மகனின் பெயர் எந்தப் படத்தின் கீழே உள்ளது என்று பார்க்கச் சொன்னார். பெயர் குரங்கின் கீழே இருந்தது. அதன்மேல் ஒரு கோடு கிழிக்கப்பட்டு, சூரியனின் கீழே அதே பெயர், சற்றுக் கோணலாக, மறுபடியும் எழுதப்பட்டிருந்தது. "அவனே எழுதினானா?" என்று கேட்டார். ஆசிரியை தலையசைத்தார்.

அடுத்த ஓய்வு நாளுக்குப் பின் அவர் வகுப்பிற்கு வந்ததாக ஆசிரியை பின்னர் எம்மிடம் கூறினார். உறையிட்ட பால்வெட்டுக் கத்தியும், கோப்பையும், ஒரு துண்டுப் பட்டையும் கொண்டுவந்து, கத்தியைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டு, பட்டையை எவ்வளவு மெல்லியதாகச் சீவ வேண்டும் என்று காட்டினாராம். அரை மணி நேரம் பிள்ளைகள் அசையவில்லை. முடிவில் ஒரு சிறுமி, "மரத்துக்கு வலிக்குமா, மாமா?" என்று கேட்டாள். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, சீவிய பட்டை மறுபடி வளர எத்தனை நாளாகிறது என்று எல்லாரும் சேர்ந்து ஒரு மரத்தைப் பார்த்து வரலாம் என்று கூறியிருக்கிறார். பள்ளியோரத்து மரத்தில் ஒரு சிவப்பு நூல் இப்போது கட்டப்பட்டிருக்கிறது.